ஒருவேளை மேடம்

பயந்தாங்கொள்ளி என்று எத்தனையோ பேரைச் சொல்கிறோம். நான் பார்த்ததிலேயே பெரிய பயந்தாங்கொள்ளி ஒரு டாக்டர். பல்லிக்குப் பயம், இடிக்குப் பயம், லிஃப்டுக்குப் பயம். தஞ்சாவூர்ப் பழைய பேருந்து நிலையத்துக்கு எதிரே சாலையைக் கடக்க வேண்டுமென்றால் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "வண்டி வருதா பாரு, வண்டி வருதா பாரு" என்று முணுமுணுத்தபடியே வருவார். வண்டி வராவிட்டாலும் நிற்பார். இத்தனைக்கும் கும்பகோணத்திலிருந்து பட்டுக்கோட்டை வரைக்கும் ஆஸ்பத்திரிகளில் எடுத்தனுப்புகிற சதைத் துண்டுகளைப் பார்த்து, இது புற்று, இது புற்றில்லை என்று கையெழுத்துப் போடுகிறவர் அவர். சிரிப்பாக இல்லையா? எங்களுக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது.

அவருடைய லேபில் சதை வெட்டுகிற வேலை எனக்கு. கசாப்புக்கடை என்று நினைத்துவிடாதீர்கள். பாட்டிலில் வருகிற சதைத் துண்டை மெழுகில் புதைத்துக் கட்டியாக்குவோம். அந்தக் கட்டியை மெஷினில் வைத்து, வெங்காயச் சருகை விட மெல்லிசாகச் சீவுவோம். சீவல் சுருண்டுகொள்ளும். அதை வெந்நீர்த் தொட்டியில் மிதக்கவிட்டால் விரியும். விரிந்ததை ஸ்லைடு என்கிற கண்ணாடித் தகட்டில் ஏந்தி எடுத்து, சாயம் ஏற்றி, மேடம் அறைக்குள் கொண்டுபோய் வைப்போம். நானும் செல்வம் என்கிற பையனும்தான் இந்த வேலைக்கு. நாங்கள் வைத்துவிட்டு வெளியே வந்து உட்காருவதற்குள் கதவு திறக்கும்.

"ஏம்மா, இன்னொன்னு வெட்டு."

"நல்லாத்தானே மேடம் வந்திருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. ஒருவேளை தப்பா இருந்துட்டா?"

இந்த 'ஒருவேளை'யைக் கேட்டுக் கேட்டு எங்களுக்குக் காது புளித்துவிட்டது. ஒருவேளை மேடம் என்று செல்வம்தான் பெயர் வைத்தான். அது அவர் காதுக்கும் போயிருக்கும். கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொள்ளவும் அவருக்குப் பயம் என்று நான் சொன்னேன், எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

வலங்கைமான் பக்கத்தில் ஒரு கிராமம் அவருக்கு. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்றுப் பறித்து, நடவு நட்டுப் படிக்க வைத்தவர்கள். அந்தக் காலத்தைப் பற்றி அவர் வாயைத் திறந்தது ஒரே தடவை. ஏன் மேடம் ஒரே ஸ்லைடை இத்தனை தடவை பார்க்கிறீர்கள் என்று நான் அலுத்துக்கொண்டபோது, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"எங்கப்பாவோடதை ஒரு டாக்டரு ஒரு தடவைதாம்மா பாத்தாரு."

துடைத்த கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதே ஸ்லைடைத் திரும்பப் பார்க்க ஆரம்பித்தார்.

நோயாளி முகத்தை அவர் பார்க்கவே மாட்டார். யாராவது ரிசல்ட் கேட்டு வாசலில் அழுதால், அறையை உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்வார். ஸ்லைடில் பெயரும் தெரியக் கூடாது. பெயர் எழுதிய ஓரத்தில் காகிதத் துண்டு ஒட்டி மறைத்து, நம்பர் மட்டும் போட்டுத்தான் உள்ளே தர வேண்டும். ஆணா பெண்ணா, என்ன வயது, எந்த இடத்துச் சதை என்பதை மட்டும் கேட்பார். "பேரு தெரிஞ்சா மொகம் தெரியும். மொகம் தெரிஞ்சா கண்ணு பொய் சொல்லும்" என்பார். வேறு லேபில் இப்படி யாரும் செய்து நான் கேள்விப்படவில்லை. மறைத்து ஒட்டி, பிறகு உரித்து, சரிபார்த்து, எங்களுக்கு இரட்டை வேலை.

அவர் மிகவும் பயந்தது எதற்கு என்று கேட்டால், பழுப்புச் சாயத்துக்கு என்பேன். அதைக் கேஐ என்று சொல்வோம். கேஐ அறுபத்தேழு என்பது முழுப்பெயர். ஒரு புரதத்தின் பெயர் அது. ஸ்லைடில் அந்தப் புரதம் இருக்கிற இடமெல்லாம் பழுப்பாகும், மற்றதெல்லாம் நீலமாக நிற்கும். பழுப்பு கூடினால் புற்று வேகமாகப் பெருகுகிறது என்று அர்த்தம். அதென்ன புரதம், அது என்னதான் செய்கிறது என்று ஒருநாள் மத்தியானம் சாப்பிடும்போது கேட்டேன். செல்வம் கும்பகோணத்திலிருந்து அப்பளக் கட்டு வாங்கி வந்திருந்தான். மேடம் அந்தக் கட்டைப் பிரித்து மேலே இருந்த ஒன்றை எடுத்தார். விரலில் வெள்ளையாக மாவு ஒட்டியது.

"இந்த மாவு எதுக்குத் தூவுறாங்க?"

"ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்காம இருக்க."

"அதேதான் அது பண்ற வேலை. செல்லுக்கு நடுவுல உட்கரு இருக்குல்ல, அதுக்குள்ள கறுப்பா ஒரு பொட்டு இருக்கும். உட்கருமணி. இந்தப் புரதம் அங்கதான் அடங்கிக் கெடக்கும். செல்லு ரெண்டாப் பிரியற நேரம் வந்ததும் அந்தப் பொட்டு கரைஞ்சிரும். இது வெளியில வந்து ஒவ்வொரு குரோமோசோம் மேலயும் மாவு மாதிரி அப்பிக்கும். ஒட்டிக்காமப் பிரிச்சு வைக்கும். பிரிஞ்சு முடிஞ்சதும் பாரு, அதே புரதம்தான் எல்லாத்தையும் திரும்ப ஒண்ணாச் சேத்து நெருக்கிவிடும். அப்புறம் பழையபடி உள்ள போயி உக்காந்துக்கும்."

"நல்ல பிள்ளையாத்தானே இருக்கு மேடம். அதுக்கு ஏன் பயப்படுறீங்க?"

"அது நல்ல பிள்ளைதான். உன் தோலுல இருக்கு, கொடலுல இருக்கு, செல்லு புதுசாப் பொறக்கற எடத்துல எல்லாம் இருக்கு. வேலையில்லாம ஓஞ்சு உக்காந்த செல்லுல இருக்காது. மாவு கெடக்குன்னா அப்பளம் போடறாங்கன்னு அர்த்தம். அளவாப் போடறாங்களா, நிறுத்தத் தெரியாமப் போடறாங்களான்னு நாமதான் பாக்கணும்." அப்பளத்தைக் கட்டுக்குள் திரும்ப வைத்துவிட்டார். அன்று அவர் அப்பளம் சாப்பிடவில்லை. செல்வம் அவர் பங்கையும் சேர்த்துச் சுட்டு நொறுக்கினான்.

அவருடைய பயத்தைப் பார்த்து நாங்கள் சிரிப்பது ஒருநாள் நின்றது. திருவிடைமருதூரிலிருந்து வந்த ஒரு பெண்ணின் ஸ்லைடு அது. செல்வம் வெட்டியது. மேடம் பார்த்துக்கொண்டே இருந்தார், பார்த்துக்கொண்டே இருந்தார், பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"எல்லா எடமும் சாதுவா இருக்கும்மா. இந்த ஓரத்துல மட்டும் ஒரு பொடித்துண்டு. அதுல பாரு, செல்லெல்லாம் தறிகெட்டுப் பிரியுது. இது இந்த வீட்டுப் பிள்ளை இல்ல."

திரும்ப வெட்டினோம். ஓரத்துத் துண்டு இல்லை. இன்னும் வெட்டினோம். இல்லை. அப்புறம்தான் புரிந்தது. முந்தின ஆளுடைய சதையிலிருந்து பிய்ந்த ஒரு துணுக்கு வெந்நீர்த் தொட்டியில் மிதந்துகொண்டிருந்திருக்கிறது. செல்வம் இந்தச் சீவலை ஏந்தும்போது அதுவும் கூடவே ஏறிக்கொண்டது. எங்கள் தொழிலில் நடக்கிற பிசகுதான் இது. காகிதத்தால் தண்ணீரை வழித்துவிட்டு அடுத்ததை வெட்டுவோம். வழித்ததில் தப்பியது ஒன்று போதும். மேடம் அவசரக்காரராக இருந்திருந்தால், ஒரு கேடும் இல்லாத அந்தப் பெண்ணின் மார்பை அறுத்து எடுத்திருப்பார்கள். செல்வத்தை அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார். "தண்ணிய நெனச்சாலே பயமா இருக்கும்மா" என்றார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஆளுக்கும் தொட்டித் தண்ணீரை முழுக்கக் கொட்டிக் கழுவி, புதுத் தண்ணீர் விட்டுச் சுட வைக்க வேண்டும் என்று சட்டம் போட்டார். நேரம் ஆகும்தான். செல்வம் முனகினான். நான் முனகவில்லை. எனக்கும் அந்தப் பயம் தொற்றிக்கொண்டது. தொட்டி, பிளேடு, தூரிகை எல்லாவற்றையும் துடைத்துத் துடைத்து, என் தொட்டித் தண்ணீரைக் குடிக்கலாம் என்று நானே பெருமையடித்துக்கொள்கிற அளவுக்கு வந்துவிட்டேன்.

இனி என் கதைக்கு வருகிறேன். மேடத்தின் கதையும் இதில்தான் இருக்கிறது.

குளிக்கும்போது இடது மார்பில் கை பட்டது. வேர்க்கடலை அளவு, கல் மாதிரி. ஒன்றும் தெரியாதவளாக இருந்தால் சூட்டுக் கட்டி என்று எண்ணெய் தடவியிருப்பேன். எனக்கு எல்லாம் தெரியும், அதுதான் கேடு. பாபநாசத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. அப்போது சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது. வீட்டுக்காரர் குத்தகை நிலத்தில் சேறும் தண்ணீருமாகக் கிடந்தார். நடவு முடியட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். காலையில் பேருந்தில் தஞ்சாவூர் வரும்போது, ஜன்னலுக்கு வெளியே பச்சையாக விரிந்து கிடக்கும் நாற்றங்காலைப் பார்த்தாலே தலையைத் திருப்பிக்கொள்வேன். எல்லாம் எதற்கு இப்படி வளர்கிறது என்று இருந்தது. பெண் பத்தாவது படிக்கிறாள், அவள் தலை பின்னும்போது என் கை நிற்கும். "என்னம்மா?" என்பாள். "சிக்கு" என்பேன்.

நடவு முடிந்ததும் கும்பகோணத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போய் ஊசியால் சதை எடுக்கக் கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டுக்காரரிடம் சொந்தக்காரர் வீட்டு விசேஷம் என்று ஏதோ உளறினேன். சதை போட்ட பாட்டில் எங்கள் லேபுக்குத்தான் வரும், வந்தது. அதன் மேல் என் பெயர். ஆஸ்பத்திரிப் பையிலிருந்து எடுத்து, பெயர் தெரியாதபடி திருப்பி வைத்தேன்.

என் சதையை இன்னொருத்தன் கையில் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. "நானே பாத்துக்கிறேன், நீ சாப்பிடப் போ" என்று செல்வத்தை அனுப்பினேன். மெழுகில் புதைத்த என் சதை நூல் நூலாகத் தெரிந்தது. சீவுவதற்கு முன்னால் தொட்டியைப் பார்த்தேன். முந்தின ஆளுக்கு விட்ட தண்ணீர் அப்படியே இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், அதை மாற்றாமல் விட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. விட்டால், நாளைக்கு என்ன தெரிந்தாலும் அது என்னுடையது இல்லை என்று சொல்லிக்கொள்ள ஓர் இடம் இருக்கும். ஆனால் கை கேட்கவில்லை. பழக்கம் பாருங்கள், நான் யோசித்து முடிப்பதற்குள் அது தண்ணீரைக் கொட்டிக் கழுவ ஆரம்பித்துவிட்டது.

சாதாரணச் சாயம் ஒன்று, பழுப்புச் சாயம் ஒன்று, இரண்டையும் போட்டேன். பெயரின் மேல் காகிதம் ஒட்டினேன். எனக்கும் மைக்ரோஸ்கோப்பில் பார்க்கத் தெரியும். பார்க்கவில்லை. தட்டில் வைத்து உள்ளே கொண்டுபோனேன்.

"பொம்பள, நாப்பது தாண்டினவ. இடது மார்பு" என்றேன்.

"கேக்காமயே கேஐ போட்டிருக்க?"

"எப்படியும் கேப்பீங்கன்னு மேடம்."

வெளியே வந்து உட்கார்ந்தேன். கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். திறக்கும், தலை நீளும், இன்னொன்று வெட்டச் சொல்வார். அத்தனை வருடம் அலுத்துக்கொண்ட அந்தச் சொல்லுக்காக அன்று எந்தச் சாமியைத்தான் நான் வேண்டிக்கொள்ளவில்லை! கதவு திறக்கவில்லை. உள்ளே பேனா கீறுகிற சத்தம் கேட்டது. பொறுக்க முடியாமல் நானே உள்ளே போனேன்.

"இன்னொன்னு வெட்டட்டா மேடம்?"

"எதுக்கு? இது தெளிவா இருக்கே." அவர் முகத்தில் கலக்கமே இல்லை. அந்த முகத்தைப் பார்த்ததும்தான் எனக்கு உயிர் போயிற்று. சந்தேகம் இருந்தால்தானே அவர் பயப்படுவார்.

"இல்ல மேடம், தண்ணியில மிதந்து வந்ததா இருக்குமோ? அந்தத் திருவிடைமருதூர் அம்மாவுக்கு ஆன மாதிரி?"

அவர் சிரித்தார். என்னைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தார்.

"நீதானே வெட்டின? உன் தொட்டியில அதெல்லாம் நடக்காதும்மா. இதுல நான் ஒரு தடவைக்கு மேல பாக்க வேண்டியதே இல்ல. பாவம், யாரு பெத்த பொண்ணோ. பாதிக்கு மேல பழுப்பு."

என் வேலையை அவர் வாய்விட்டுப் புகழ்ந்தது அதுதான் முதல் தடவை.

"மேடம், அது என்னோடது."

அவருக்கு உடனே விளங்கவில்லை. நான் ஸ்லைடை எடுத்துக் காகிதத்தை உரித்துக் காட்டினேன். பேனா கீழே விழுந்தது. எழுந்தார், உட்கார்ந்தார், திரும்ப எழுந்தார். "இல்ல. இன்னொன்னு வெட்டு. ஒருவேளை... நீ வெட்டு, நான் பாக்குறேன், சீக்கிரம் வெட்டு" என்றார். நான் வெட்டினேன். சாயம் ஏற்றிக் கொடுத்தேன். அதே படம். இன்னொன்று. அதே படம். செல்வம் விஷயம் தெரிந்து சுவர் ஓரமாக நின்று அழுதான். மேடம் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார், இந்தத் தடவையாவது வேறு ஏதாவது தெரிந்துவிடாதா என்று. மெழுகுக் கட்டி தேய்ந்துகொண்டே வந்தது. கடைசியில் நான்தான் மெஷினை நிறுத்தினேன்.

"போதும் மேடம். மிச்சத்தை வைங்க, பெரிய டாக்டருங்க கேப்பாங்க."

அவர் என் பக்கத்தில் வந்து நின்றார். "பயப்படாதேன்னு சொல்லணும்னு தெரியுது. வாயில வரலம்மா. பயந்துக்கிட்டே போவோம், வா" என்றார்.

சாயங்காலப் பேருந்தில் என்னோடு பாபநாசம் வந்தார். யார் வீட்டு வாசலிலும் நின்று இப்படிச் சொல்லியிருக்க மாட்டார் அந்த மனுஷி. வீட்டுக்காரர் வயலிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். மேடம் சொன்னார். திக்கித் திக்கித்தான் சொன்னார், ஆனால் ஒன்றையும் மறைக்கவில்லை. வீட்டுக்காரர் கழுவின காலோடு அப்படியே சேற்றில் இறங்கி நின்றுவிட்டார்.

"பொழைச்சுக்குவாளா டாக்டரம்மா?"

"வேகமாப் பெருகுதுங்க, அது நெஜம். ஆனா மருந்து பிடிக்கறதும் அந்த வேகத்தைத்தான். சும்மா கெடக்கற செல்ல மருந்து தொடாது, பிரியற செல்லத்தான் தேடிப் போயி அடிக்கும். அதனால..." மேடம் என்னைப் பார்த்தார். "ஒருவேளை" என்றார்.

எங்களுக்கு அன்றைக்கு அது போதுமாக இருந்தது. வீட்டுக்காரர் அழுது முடித்துவிட்டு, டாக்டரம்மாவுக்குக் காபி போடச் சொல்லி என்னையே விரட்டினார், பாருங்கள்.

பிழைத்தேன். இல்லையென்றால் இதை யார் எழுதுவது? மேடம் லேபை விட்டுப் போய் மகனோடு ஓசூரில் இருக்கிறார். நான் போன் செய்தால் ஹலோ சொல்ல மாட்டார், "என்னாச்சு?" என்றுதான் எடுப்பார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போகிற நாட்களில் எனக்கும் இன்னும் பயம்தான். அந்தப் பயம் போகாது போலிருக்கிறது.

ஆனால் அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது, முதல் மருந்து ஏற்றிய அன்று காலை. கட்டில்கள் வரிசையாகப் போட்ட நீளமான அறை. எந்தக் கட்டிலைப் பார்த்தாலும் ஒரு பாட்டில் தொங்கியது. பக்கத்துக் கட்டிலில் தலைமுடி இல்லாத ஒரு பெண் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். அவளைப் பார்க்காமல் இருக்க நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரரை உள்ளே விடவில்லை, ஒருவர்தான் கூட இருக்கலாம் என்றார்கள், மேடம் வந்து உட்கார்ந்தார். முகமெல்லாம் வெளுத்து, நெற்றியில் வேர்த்து, உதடு காய்ந்து போயிருந்தது. என் கையைப் பிடித்த பிடியில் என் வளையல் அழுந்தியது. சின்னப் பெண்ணாக ஒரு நர்ஸ் ஊசியும் பஞ்சும் எடுத்துக்கொண்டு வந்தாள். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு நேரே மேடத்திடம் போய்த் தோளைத் தொட்டாள்.

"பயப்படாதீங்கம்மா, ஒண்ணும் ஆகாது. செருப்பக் கழட்டிட்டு மேல ஏறிப் படுங்க."

மேடமும் அவள் சொன்னபடி செருப்பைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தது.

"அவங்களுக்கு இல்லம்மா, எனக்குத்தான்" என்று சொல்லிக் கட்டிலில் ஏறிப் படுத்து, அவர் பிடித்திராத இன்னொரு கையை நீட்டினேன்.